நிமிஷத்துக்கு இரண்டே முக்கால் ரூபாய்

அவிநாசி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்தேன். டையிங், பிரிண்டிங், காம்பேக்டிங் என்று வெளியே போகும் துணிக்குச் சலான் போடுவது, திரும்பி வந்ததும் ஜாப் ஒர்க்காரர் பில்லைச் சரிபார்ப்பது, பணம் அனுப்புவது எல்லாம் தானாக நடக்குமாம். விலை 4,80,000. வருஷப் பராமரிப்பு 18 சதம், அதாவது 86,400. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கும் போட்டிருக்கிறார்கள். ஆபீஸில் மூன்று பேர், ஆளுக்கு 20,000 சம்பளம், அதில் இரண்டு பேர் மிச்சம், வருஷத்துக்கு 4,80,000 மிச்சம், ஒரே வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். விலையும் மிச்சமும் இப்படி ஒரே எண்ணில் வந்து நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவனுக்கு வரும் வியாதி இது, மன்னித்துக்கொள்.

உன் அப்பன் “பெரியப்பாவைக் கேட்டுக்கோ” என்று தள்ளிவிட்டானாம். வேண்டாம் என்று மகளிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தாளில் வாங்கப்போகும் பொருளின் விலை பைசா சுத்தமாக இருக்கிறது. இன்றைக்கு அதே வேலை உங்களுக்கு என்ன விலையில் நடக்கிறது என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் மிச்சம் என்ன என்று எப்படிச் சொன்னார்கள்?

முதலில் ஆளின் விலை. 20,000 சம்பளம் என்றால் 20,000 செலவு இல்லை. பி.எஃப்.பில் நம் பங்கு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 13 சதம், 15,000 உச்சவரம்புக்குப் போட்டால் 1,950. இ.எஸ்.ஐ. 3.25 சதம், 650. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுக்கிறீர்கள், மாதத்துக்குப் பிரித்தால் 1,667. கிராஜுவிட்டிக்கு ஒதுக்கினால் கிட்டத்தட்ட 960. ஆக 25,200 சொச்சம். உட்காரும் இடம், கம்ப்யூட்டர், கரண்ட், டீ எல்லாம் சேர்த்து 27,000 என்று வை. 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி நேரம் என்பது காகிதத்தில்தான். லீவு, டீ, போன், வண்டிக்காரன் வந்து நின்று பேசுவது எல்லாம் போக 165 மணி நேரம் கைக்குக் கிடைத்தால் அதிகம். 27,000ஐ 165ஆல் வகுத்தால் மணிக்கு 164 ரூபாய். நிமிஷத்துக்கு இரண்டே முக்கால் ரூபாய். இந்த எண்ணை உன் மேஜை மேல் எழுதி ஒட்டிக்கொள்.

அடுத்தது வேலை எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்பது. இதை யாரிடமும் வாயால் கேட்காதே. கேட்டால் “அஞ்சு நிமிஷம்தாங்க” என்பார்கள், பொய்யும் இல்லை, நன்றாகப் போன பில்தான் அவர்கள் நினைவில் இருக்கும். கையில் ஸ்டாப் வாட்ச்சோடு பின்னால் போய் நிற்காதே, அன்றைக்கு மட்டும் எல்லாரும் வேகமாக இருப்பார்கள். பில்லுக்கு ஒரு துண்டுச் சீட்டு பின் பண்ணிவிடு. எப்போது வந்தது, எப்போது எடுத்தார்கள், எதற்காக நிறுத்தினார்கள், திரும்ப எப்போது எடுத்தார்கள், யாருக்குப் போன் போட்டார்கள், இவ்வளவு போதும். இரண்டு வாரம் ஓடட்டும், அதில் ஒன்று மாதக் கடைசியாக இருக்கட்டும். சீட்டு எதற்கு என்று மூன்று பேரையும் உட்காரவைத்து முதலிலேயே சொல்லிவிடு. மறைத்தால் அரை நாளில் தெரிந்துவிடும், அப்புறம் சீட்டில் வருவது கதைதான்.

சீட்டு வரும்வரை என் நினைவிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். போன வருஷம் வரை சனிக்கிழமை தோறும் நான்தானே வந்து பில் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். உன் அளவு கைக்கு வந்ததும் இதைக் கிழித்துப் போடு.

மாதம் 600 பில் என்று வைத்துக்கொள். அதில் 500 நல்ல பில். சலானும் எடையும் ரேட்டும் ஒத்துப்போகும், ஆறு நிமிஷத்தில் முடியும். மொத்தம் 3,000 நிமிஷம், 50 மணி நேரம். மிச்சம் 100 வம்பு பில். 500 கிலோ கோரா போயிருக்கும், இரண்டு தடவையாகத் திரும்பி வந்திருக்கும், ஒரு சலானில் லாட் நம்பர் இருக்காது. டார்க் கலருக்கு ரேட் ஏற்றிப் போனில் பேசியது யாருக்கும் தெரியாது, பேசியவர் கோயமுத்தூர் போயிருப்பார். இப்படி ஒரு பில்லுக்கு 50 நிமிஷம் என்று வைத்தால் 5,000 நிமிஷம், 83 மணி நேரம். நூறு பில் ஐந்நூறு பில்லைத் தூக்கிச் சாப்பிடுகிறது, பார்த்தாயா? சராசரி போட்டால் பில்லுக்கு 13 நிமிஷம் என்று வரும். அந்தப் பதிமூன்று நிமிஷத்தில் முடிந்த பில்லை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டும் சேர்ந்து 133 மணி நேரம். மணிக்கு 164 வீதம் மாதம் 22,000 ரூபாய் சுமார். மூன்று பேருக்கு ஆகும் செலவோ 81,000. அப்படியானால் மிச்ச 59,000க்கு அந்த மூன்று பேரும் என்ன செய்கிறார்கள்? சும்மா இருக்கிறார்கள் என்று நினைக்காதே. வண்டி எங்கே என்று தேடுகிறார்கள், கட்டிங் மாஸ்டருக்குப் பதில் சொல்கிறார்கள், ஆடிட்டர் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார்கள், பையரிடமிருந்து வந்த மெயிலை மெர்ச்சண்டைசருக்குப் புரியவைக்கிறார்கள். கொட்டேஷன் போட்டவர் மூன்று பேர் சம்பளத்தையும் முழுசாகப் பில் வேலையின் தலையில் கட்டிவிட்டு, மூன்றில் இரண்டைக் கழித்துவிட்டார்.

சாஃப்ட்வேர் வந்தால் எதை எடுத்துக்கொள்ளும்? நல்ல பில்லைத்தான். வம்பு பில்லைக் கண்டால் சிவப்பு விளக்குப் போட்டு மனுஷனிடம் தள்ளும். 50 மணி நேரத்தில் 40ஐ அது மிச்சப்படுத்தினால் மாதம் 6,560 ரூபாய், வருஷத்துக்கு 78,720. பராமரிப்புக் கட்டணமே 86,400. விலையை விடு, வருஷாவருஷம் கட்டும் காசே வரவில்லை.

எழுபதாயிரமோ எண்பதாயிரமோ, அதாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. மூன்று பேருக்கு ஆளுக்குப் பதிமூன்று மணி நேரம் குறைந்தால் யார் சம்பளமும் குறையாது. அது மேஜைக்கு மேஜை சில்லறையாகச் சிதறிவிடும். ஓவர்டைம் நின்றால் அது பணம். தீபாவளிக்குப் பின் நாலாவது ஆள் எடுக்க இருந்து, எடுக்காமல் விட்டால் அது பணம். இல்லையென்றால், மிச்சமான நேரத்தில் இன்னார் இன்ன வேலை செய்வார், அதனால் இவ்வளவு வரும் என்று பெயரோடு எழுது. எழுத முடியாத மிச்சத்தைக் கணக்கில் சேர்க்காதே.

இதை நான் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் இருந்த ஒரு கம்பெனியில் பீஸ் ரேட் கூலிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று முதலாளியை நச்சரித்தவன் நான்தான். கணக்குப்பிள்ளை இரண்டு பேரில் ஒருவர் குறைவார் என்று எழுதியும் கொடுத்தேன். வந்தது. டெய்லர்களுக்கு அந்தத் தாளில் நம்பிக்கை இல்லை, சனிக்கிழமை சம்பளத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் நோட்டைக் காட்டு என்றார்கள். நோட்டை நிறுத்த முடியவில்லை. கணக்குப்பிள்ளை இரண்டு பேரும் இருந்தார்கள், கூடக் கம்ப்யூட்டருக்கு ஒரு பையன். முதலாளி நல்லவர், என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதனால் செலவுப் பக்கத்தில் கொட்டேஷனில் இல்லாத ஒன்றை நீயே சேர். புதுசும் பழசும் சேர்ந்து ஓடும் மாதங்கள். பார்ட்டி பெயர், ரேட், பழைய பாக்கி எல்லாம் ஏற்ற வேண்டும், தப்பு வந்தால் இரண்டு பக்கமும் தேட வேண்டும். மூன்று பேருக்கும் நாளுக்கு இரண்டு மணி நேரம், மூன்று மாதம் என்றால் 468 மணி நேரம், கிட்டத்தட்ட 77,000 ரூபாய். விற்கிறவர் இதை எழுத மாட்டார், அவர் கையிலிருந்து போவதில்லையே.

அப்படியானால் வம்பு பில்லை என்ன செய்வது? இதற்கு உனக்கு வெளியூர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனியில், சப்ளையர் பில்லுக்குப் பணம் கொடுக்கும் இலாகாவில் மட்டும் வட அமெரிக்காவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டால் 20 சதம் குறைந்து 400 பேரில் முடிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்போது ஜப்பானில் மாஸ்டா கம்பெனியைப் பார்த்தார்கள், ஃபோர்டுக்கு அதில் பங்கு இருந்தது. அங்கே அதே வேலைக்கு ஐந்து பேர். கம்பெனி சின்னதுதான், ஆனால் ஐந்நூறுக்கும் ஐந்துக்கும் உள்ள தூரத்தை அளவு மட்டும் விளக்காது. வேலையைப் பிரித்துப் பார்த்தால் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஃபோர்டு ஆட்களின் நேரமெல்லாம் போயிருந்தது. நம் வம்பு பில்தான்! அதை வேகமாகத் தீர்க்க வழி தேடாமல், உண்டாகாமல் செய்தார்கள். சரக்கு இறங்கும் இடத்திலேயே ஆர்டரோடு ஒத்துப் பார், ஒத்தால் இறக்கு, ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பு, இறங்கினதற்குப் பணம் போகும், பில் என்ற காகிதமே வேண்டாம். ஆட்கள் 75 சதம் குறைந்தார்கள். மைக்கேல் ஹேமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. எம்.பி.ஏ.வில் உனக்கும் வந்திருக்கும், பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பாய்.

நாம் பில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஜி.எஸ்.டி.யில் வரி வரவு எடுக்கப் பில் வேண்டும். ஆனால் வம்பு எங்கே பிறக்கிறது என்று பார்க்கலாம். நம் ஆபீஸில் பிறப்பதில்லை, துணி வண்டியில் ஏறும்போது பிறக்கிறது. சலானில் லாட் நம்பர், கலர், பேசிய ரேட், ஒத்துக்கொண்ட எடைக் குறைச்சல் என்று நான்கு கட்டம் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய். நான்கும் நிரம்பாமல் வண்டி கேட்டைத் தாண்டாது என்று உன் அப்பன் வாயால் சொல்லவை, நீ சொன்னால் ஒரு வாரம்தான் நடக்கும். 100 வம்பு பில்லில் 60 நல்ல பில்லாக மாறினால், பில்லுக்கு 44 நிமிஷம் வீதம் 44 மணி நேரம் மிச்சம். 4,80,000 ரூபாய் தரப்போவது 40 மணி நேரம். ஸ்டாம்ப் என்ன விலை என்று நீயே விசாரித்துக்கொள்.

இதோடு முடிந்தது, சாஃப்ட்வேர் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்கிறாய், இல்லையா? இரு. இதுவரை ஆள் செலவை மட்டும் பார்த்தோம். எனக்கே தெரியாமல் பெரிய காசு வேறு இரண்டு இடத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்று, பில் கிடந்த நேரம். கை பட்ட நேரம் வேறு, கிடந்த நேரம் வேறு, சீட்டில் இரண்டையும் தனித்தனியாகப் பார். ஆறு நிமிஷ வேலை உள்ள பில் பதினொரு நாள் கிளிப்பில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன், தொங்கவிட்டதும் நான்தான். ஜாப் ஒர்க்காரர் உத்யம் பதிவு உள்ள சிறு, குறு தொழில்காரராக இருந்தால் 2006ஆம் வருஷச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். நம் ஊரில் எந்த டையிங்காரரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டோம்? தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. யாரும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31இல் நின்றால், பணம் கொடுக்கும் வருஷம்வரை அதை வருமான வரியில் செலவாக எடுக்க முடியாது. இதற்கு மேலே ஒன்று, எந்தச் சட்டத்திலும் இல்லாதது: பழைய பில் நிற்கும் பார்ட்டியின் துணி டையிங்கில் எப்போதும் கடைசியாகத்தான் மெஷினுக்குள் போகும். துணி வராமல் பவர் டேபிள் தையல் லைன் ஒன்று காலையில் சும்மா உட்கார்ந்தால் அந்த ஷிப்ட் கூலி யார் கணக்கு? தூத்துக்குடியில் கப்பலை விட்டு விமானத்தில் அனுப்பின பீஸில் லாபம் என்ன மிஞ்சும்? இதெல்லாம் கூலியிலும் ஃபிரைட்டிலும் எழுதப்படும், பில் வேலையின் கணக்கில் ஒரு நாளும் வராது.

இரண்டாவது, எடைக் குறைச்சல். டையிங்கில் எடை குறையத்தான் செய்யும், எவ்வளவு குறையலாம் என்பதில்தான் விஷயம். மாதம் 10 டன் துணி போகிறது, ஒத்துக்கொண்டதற்கு மேல் ஒரு சதம் குறைந்து வருகிறது, அவசரத்தில் நாம் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள். 100 கிலோ. கிலோ 350 ரூபாய் என்றால் மாதம் 35,000, வருஷத்துக்கு 4,20,000. ஆறு நிமிஷத்தில் நல்ல பில் என்று பாஸ் பண்ணியதிலும் இது இருக்கும், லாட் லாட்டாகக் கூட்டிப் பார்க்க அப்போது யாருக்கு நேரம்? இந்த வேலைக்கு மனுஷக் கண்ணைவிட சாஃப்ட்வேர் மேல், சந்தேகமே இல்லை. அலுக்காமல் கூட்டும்.

இப்போது மறுபடி கணக்குப் போடு. விலையும் புகுத்தும் செலவும் சேர்ந்து 5,57,000. குறைச்சல் முழுவதையும் பிடித்தால் பராமரிப்புப் போக வருஷம் 3,33,600, ஒன்றே முக்கால் வருஷத்துக்குள் காசு திரும்பும். பாதியைப் பிடித்தால் 1,23,600, நாலரை வருஷம் ஆகும். ஒன்றே முக்காலா நாலரையா என்பது சாஃப்ட்வேர் கையில் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் டையிங்காரருக்குப் போன் போட்டு, முகம் முறியாமல், டெபிட் நோட்டை ஒத்துக்கொள்ளவைக்கும் ஆள் யார்? மிச்சமான நேரத்துக்குப் பெயர் எழுதச் சொன்னேனே, இந்த வேலைக்கு எழுது. என்னைக் கேட்டால் டெஸ்பாட்ச்சில் இருக்கும் பெரியவரைச் சொல்வேன். துணியைத் தொட்டுப் பார்த்து இது நம் லாட் இல்லை என்பார். யார் என்ன வேலை என்று கொட்டேஷனோடு நீ வரைந்து அனுப்பிய படத்தில் அவருக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இன்னொன்று, வேலை இன்றைக்கு இருக்கிறபடியே நாலரை வருஷம் இருக்குமா? 2011இல் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கில் ஹைகோர்ட் உத்தரவால் டையிங் எல்லாம் மூடினபோது வெளியூர்களுக்குத் துணி அனுப்பினோம், ஒரே மாதத்தில் சலான் வேலையே வேறாகிவிட்டது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது, மறுபடி எல்லாம் மாறியது. மாறினால் திருத்தித் தர என்ன வாங்குவீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுத்தில் கேள். அப்படியே சலான், எடை, பில் மூன்றையும் ஒத்துப் பார்க்கும் பகுதியை மட்டும் தனியாக விலை கேள். பேமெண்ட் தானாகப் போக வேண்டாம், மாதத்தில் நாலு சனிக்கிழமை உன் அப்பன் கையெழுத்துப் போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. அவன் கம்பெனியைப் பார்ப்பதே அந்தக் கையெழுத்தில்தான்.

இரண்டு வாரச் சீட்டு முடிந்ததும் எடுத்துக்கொண்டு இங்கே வா, பெரியம்மா கச்சாயம் சுட்டு வைக்கிறேன் என்கிறாள். வரும்போது போன வருஷத்து ஆடி மாதச் சலான் கட்டையும் கொண்டு வா. அதில் நிறையச் சலானின் பின்பக்கம் பென்சிலில் ரேட் எழுதி, அடித்து, மறுபடி எழுதி இருக்கும், பாதி அழிந்திருக்கும். வம்பு பில் பாதிக்கு அதுதான் காரணம் என்று உன் ஆபீஸில் சொல்லியிருப்பார்கள், யார் எழுத்து என்று மரியாதைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் எழுத்துதான். கொண்டு வா, எனக்கே படிக்க வருகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா